நிழலை எதால் அளப்பது? சென்னைத் தெருமரங்களின் பயன் குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

மரத்துக்கும் மழைக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வியைச் சென்னையில் இருந்துகொண்டு 1849இலேயே ஒருவர் எழுதிப் பார்த்திருக்கிறார். எட்வர்டு பால்ஃபர் என்ற அந்த அறுவை மருத்துவர்தான் பின்னர் சென்னை அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளரானார். மரங்கள் ஈரத்தைக் காக்கின்றனவா, மழையைக் கொணர்கின்றனவா என்று அவர் ‘மெட்ராஸ் ஜர்னல் ஆஃப் லிட்டரேச்சர் அண்ட் சயின்ஸ்’ இதழில் ஆராய்ந்தார். 1856இல் சென்னை மாகாண வனத்துறை தோன்றியபோது அதன் முதல் காப்பாளராக அமர்ந்த ஹியூ கிளெகார்னும் மருத்துவரே. பஞ்சத்தையும் காய்ச்சலையும் கண்ட மருத்துவர்கள் மரத்தின் பக்கம் திரும்பியதில் வியப்பில்லை. அவர்கள் கவலை காட்டைப் பற்றியது. இக்கட்டுரையின் கவலை தெருவைப் பற்றியது.

நகரில் மரம் வளர்ப்பதால் என்ன பயன் என்ற கேள்விக்குப் பள்ளிக்கூடக் கட்டுரையில் விடை தயாராக இருக்கிறது: நிழல் தரும், கனி தரும், மழை தரும், தூய காற்று தரும். எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பதுதான் அதிலுள்ள கோளாறு. இவற்றுள் ஒன்று மிகப் பெரிய பயன். ஒன்று சிறியது. ஒன்று நகரத்தைப் பொறுத்தவரை சொல்லிப் பழகிய வாய்ப்பாடு மட்டுமே. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது இங்கே முதல் வேலை. அப்படிப் பார்த்தால், பயன் ஏறக்குறைய முழுவதும் மரத்தின் தலைவிரிவையும் அதன் காலடி மண்ணையும் பொறுத்தே அமைகிறது என்பதும், கன்றுகளை எண்ணும் நம் வழக்கம் இவ்விரண்டையுமே அளப்பதில்லை என்பதும் தெரியவரும். இதை நிறுவுவது இரண்டாவது வேலை.

ஆய்வின் எல்லை சென்னையின் தெருவோர மரங்களும் வீட்டுச் சுவருக்குள் நின்று தெருவுக்கு நிழல் நீட்டும் மரங்களும். கிண்டி தேசியப் பூங்கா இதற்குள் வராது. ஏறத்தாழ 270 ஹெக்டேரில் நிற்கும் அந்த வறண்ட பசுமைமாறாக் காட்டின் கணக்கு வேறு. ஒப்பீட்டுக்கு மட்டும் அங்கே போய் வருவோம்.

ஊர்ப் பெயர்களை நம்பினால் இந்நகரம் ஒரு காலத்தில் மரங்களால்தான் அடையாளம் சொல்லப்பட்டது. புரசை மரத்தைத் தலமரமாகக் கொண்ட கோயிலைச் சுற்றி அமைந்தது புரசைவாக்கம். புறநகர் ரயிலில் போனால் வேப்பம்பட்டும் அத்திப்பட்டும் நிலையப் பலகையில் நிற்கின்றன. மயிலாப்பூர்க் கோயிலில் புன்னை, திருவொற்றியூரில் மகிழம், திருவான்மியூரில் வன்னி. கோயில் மதிலுக்குள் தப்பியவை பெயரோடும் உடலோடும் இருக்கின்றன. மற்றவற்றில் பெயர்தான் மிச்சம்.

2. வெப்பம்

2.1 நகரம் ஏன் சுடுகிறது

நகரம் சுற்றுப்புற நாட்டுப்புறத்தைவிடச் சூடாக இருக்கும் என்பதை முதலில் முறையாக அளந்து எழுதியவர் லண்டனின் லூக் ஹோவர்டு. 1818 முதல் அவர் வெளியிட்ட லண்டன் தட்பவெப்ப நூலில் இரவு வெப்பத்தின் வேறுபாடும் பதிவாகியிருக்கிறது. இரவு என்பது இதில் முக்கியம். செங்கல்லும் கான்கிரீட்டும் தாரும் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, மண் ஆறிய பிறகும் ஆறாமல் அதைக் கக்கிக்கொண்டிருக்கும். மொட்டைமாடிக்குக் கீழே படுக்கும் எந்தச் சென்னைவாசிக்கும் இதை விளக்கத் தேவையில்லை. இரவு பத்து மணிக்கு மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் போதும்.

2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. ஆனால் இந்நகரின் தனித் துன்பம் உச்ச வெப்பத்தில் மட்டும் இல்லை, புழுக்கத்தில் இருக்கிறது. கடற்காற்று நண்பகலுக்கே எழுந்துவிட்டால் பிழைத்தோம். மூன்று மணிவரை எழாமல் போனால் வியர்வை உலர வழியில்லாமல் உடல் வெந்துபோகும். எனவே டெல்லிக்கோ பீனிக்ஸுக்கோ எழுதப்பட்ட மரப்பயன் கணக்கை இங்கே அப்படியே எடுத்து ஒட்டக் கூடாது.

2.2 நிழல்

மர நிழலில் காற்றின் வெப்பநிலையை வெப்பமானி வைத்து அளந்தால் ஏமாற்றமே மிஞ்சும். வெயிலில் உள்ளதைவிட ஒன்றிரண்டு டிகிரிதான் குறைந்திருக்கும், சில நேரம் அதுகூட இராது. பிறகு நிழலில் நின்றவுடன் உயிர் வந்ததுபோல் இருப்பது ஏன்? உடல் உணர்வது காற்றின் சூட்டை மட்டும் அன்று. மேலே சூரியன், கீழே தார்ச்சாலை, பக்கத்தில் சுவர், நின்றிருக்கும் கார் என எல்லாத் திசையிலிருந்தும் உடல்மேல் பாயும் கதிர்வீச்சையும் அது சேர்த்தே உணர்கிறது. கோடை நண்பகலில் ஒரு சதுர மீட்டரில் விழும் சூரிய ஆற்றல் 900, 1,000 வாட் அளவை எட்டும். அடர்ந்த தலைவிரிவு அதில் பெரும்பகுதியை மேலேயே தடுத்துவிடுகிறது. தரையும் சூடேறாததால் கீழிருந்து வரும் காங்கையும் தணிகிறது. உச்சி வெயிலில் 60 டிகிரியைத் தொடும் தார்ப்பரப்புக்கும் அதே சாலையில் மரத்தடியில் உள்ள தார்ப்பரப்புக்கும் இருக்கும் வேறுபாட்டைச் செருப்பில்லாமல் நடப்பவர் அறிவார்.

புழுக்கம் மிகுந்த ஊரில் இந்தத் தடுப்புதான் மரத்தின் தலையாய பயன். தகரக் கூரையும் வெயிலை மறைக்கும். ஆனால் தகரம் தானே சூடேறி நம் தலையில் அனலைக் கொட்டும். இலை சூடேறாமல் இருப்பதற்குக் காரணம் அடுத்த பகுதியில் வருகிறது.

2.3 இலை விடும் நீராவி

வேர் உறிஞ்சும் நீரில் மிகச் சிறு பங்கே மரத்துக்குள் தங்குகிறது. மீதி இலைத்துளைகள் வழியே ஆவியாகிப் போகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2.4 மெகாஜூல் வெப்பம் வேண்டும். ஓங்கி வளர்ந்த ஒரு மரம், காலடியில் போதிய ஈரம் இருந்தால், வெயில் நாளொன்றில் 100 லிட்டர் விடக்கூடும். கணக்கிட்டால் 67 யூனிட்டுக்குச் சமமான வெப்பம் சுற்றுப்புறத்திலிருந்து வெளியேறுகிறது. ஒரு டன் ஏசி பத்தொன்பது மணி நேரம் இடைவிடாமல் ஓடி அகற்றும் வெப்பமும் இதே அளவுதான். ஆனால் ஏசி அந்த வெப்பத்தை ஒழிப்பதில்லை. தான் தின்ற மின்சாரத்தின் சூட்டையும் சேர்த்து எதிர்வீட்டு ஜன்னல் பக்கம் தள்ளிவிடுகிறது. அந்த வீட்டுக்காரரும் ஏசி வாங்குகிறார்.

இந்த ஒப்பீட்டை மரநடு விழா மேடைகளில் அடிக்கடி கேட்கலாம். கேட்கும்போது இரண்டு திருத்தங்களை மனத்தில் செருகிக்கொள்ள வேண்டும். குளிர்ந்த காற்று திறந்த தெருவில் தங்காது, அடித்துக்கொண்டு போய்விடும். மரத்துக்குக் கீழே ஈரம் இல்லாவிட்டால் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும், குளிர்ச்சியும் நின்றுவிடும். கழுத்துவரை சிமென்ட் பூசப்பட்ட மரம் ஏப்ரலில் நூறு லிட்டருக்கு எங்கே போகும்?

3. மழைநீர்

தெருமரங்கள் வெள்ளத்தைத் தடுக்கும் என்ற பேச்சு 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெருகியது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து மீட்டர் விட்டமுள்ள தலைவிரிவின் பரப்பு ஏறத்தாழ 78 சதுர மீட்டர். இலையும் கிளையும் நனைந்து பிடித்துக்கொள்ளும் நீர் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்; அதாவது ஒரு மரத்துக்கு 80 முதல் 160 லிட்டர். 2015 டிசம்பர் முதல் நாள் பெருமழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த மரத்தின் தலைமேல் மட்டும் விழுந்தது 38,000 லிட்டருக்கு மேல். அப்படிப்பட்ட மழைக்கு இலை ஒரு பொருட்டே இல்லை. ஏரிக்கும் கால்வாய்க்கும் சதுப்புக்கும் செய்ய வேண்டியதை மரத்தின் தலையில் கட்டுவது நியாயமாகாது.

மரம் உண்மையில் உதவுவது சிறு மழைகளில், அதுவும் இலையால் அல்லாமல் மண்ணால். வேர் ஓடிய மண் இறுகாது. செத்த வேர் விட்டுப்போன துளைகளும் மண்புழுவின் வழிகளும் நீரை உள்ளே இறக்கும். ஆனால் இதற்குக் காலடி திறந்திருக்க வேண்டும். ஓர் அடிக்கு ஓர் அடி பொந்து விட்டுச் சுற்றிலும் பேவர் பிளாக் பதித்த நடைபாதையில், கீழே உள்ள வேருக்கும் மேலே ஓடும் மழைக்கும் சந்திப்பே நிகழ்வதில்லை.

4. காற்றும் கரியும்

தூய காற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இலைப்பரப்பு தூசியைப் பிடிக்கிறது. சாலையோரப் புங்கன் இலையை விரலால் தடவினாலே தெரியும். ஆனால் இருபுறமும் உயர்ந்த கட்டடங்கள் நெருங்கி, நடுவே வண்டிகள் நெரியும் குறுகிய தெருவில் அடர்த்தியாகக் கூடாரம்போல் மரம் வளர்த்தால், புகை மேலே போகாமல் ஆள் மட்டத்திலேயே தேங்கவும் கூடும். தைலமரம் போன்ற சில இனங்கள் விடும் ஆவிப்பொருள்கள் வண்டிப்புகையோடு வெயிலில் வினைபுரிந்து ஓசோன் உண்டாகத் துணைபோகின்றன. மரமே கெடுதல் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அகலத் தெருவுக்கு ஏற்றது ஒன்று, சந்துக்கு ஏற்றது வேறொன்று என்று பார்த்து நட வேண்டும், அவ்வளவுதான்.

கரியமில வாயு விஷயத்தில் நகர மரத்தின் பங்கு உண்மையிலேயே சிறியது. ஒரு மரம் ஆண்டுக்கு 20 கிலோ உள்வாங்குகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ வெளியாகிறது. ஆக ஒரு மரத்தின் ஓராண்டு உழைப்பு, ஏறக்குறைய ஒன்பது லிட்டர் பெட்ரோல். அம்பத்தூரிலிருந்து கிண்டிக்கு பைக்கில் போய்வருபவர் அதை இரண்டு வாரத்தில் தீர்த்துவிடுவார். புவி வெப்பத்தைத் தணிக்க நகரில் மரம் நடுகிறோம் என்று சொல்வதை நிறுத்திவிட்டு, இந்தத் தெருவில் நடப்பவருக்காக நடுகிறோம் என்று சொன்னால் கன்று வைக்கும் இடமே மாறிவிடும்.

5. உடல்நலம்: மரம் போனபின் கிடைத்த சான்று

மரம் உள்ள தெருவில் வாழ்வோர் நலமாக இருக்கிறார்கள் என்று காட்டுவது எளிது. மரம்தான் காரணம் என்று காட்டுவதுதான் கடினம், ஏனென்றால் மரமுள்ள தெருவில் வசதியுள்ளவர்கள் வாழ்கிறார்கள். 1984இல் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு இந்தச் சிக்கலை ஓரளவு தாண்டியது. பென்சில்வேனியா மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களுள், ஜன்னல் வழியே மரம் தெரிந்த 23 பேரையும் செங்கற்சுவர் மட்டும் தெரிந்த 23 பேரையும் வயது, பாலினம் முதலியவை பொருந்துமாறு இணைத்து ஒப்பிட்டார். மரம் கண்டவர்கள் சராசரி 7.96 நாளில் வீடு திரும்பினர், சுவர் கண்டவர்கள் 8.70 நாளில். வலுவான வலிநீக்கி மருந்தும் முன்னவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது.

இதைவிட அழுத்தமான சான்று ஒரு பூச்சியால் கிடைத்தது. அமெரிக்காவில் மரகத நிற வண்டு ஒன்று பரவி, ஆஷ் மரங்களைக் கோடிக்கணக்கில் கொன்றது. ஏழை, பணக்காரர் தெரு என்று பார்க்காமல் கொன்றது. ஜெஃப்ரி டோனவனும் உடன் ஆய்வாளர்களும் 15 மாநிலங்களின் மரணப் பதிவுகளை எடுத்துப் பார்த்து, வண்டு தாக்கிய பகுதிகளில் இதயநோய், மூச்சுநோய் இறப்புகள் 21,000க்கு மேல் கூடுதலாக இருந்ததை 2013இல் வெளியிட்டனர். ஐரோப்பாவின் 93 நகரங்களைப் பற்றி 2023இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு வேறு வழியில் அதே இடத்துக்கு வருகிறது. 2015 கோடையில் நகர வெப்பத்தால் நேர்ந்த சுமார் 6,700 இறப்புகளில், மரநிழல் 30 விழுக்காடு இருந்திருந்தால் 2,644 தவிர்ந்திருக்கும் என்பது அதன் மதிப்பீடு. சராசரி வெப்பநிலைக் குறைவு வெறும் 0.4 டிகிரி என்பதையும் கவனிக்க வேண்டும்.

இந்த எண்களைச் சென்னைக்குப் பெருக்கிப் பார்ப்பது தவறு. அங்கே கோடை விருந்தாளி, இங்கே வீட்டுக்காரர். ஆனால் திசை ஒன்றுதான்.

6. மரத்தடி

ஆய்வுகள் எவையும் எண்ணாத ஒரு பயன் உண்டு. சென்னையில் மரத்தடி என்பது ஒரு முகவரி. ஆட்டோ ஸ்டாண்டு, இளநீர்க் கடை, செருப்புத் தைப்பவர், சாவி போடுபவர், கூழ் வண்டி என எல்லாம் ஏதாவதொரு மரத்தின் பெயரில்தான் நடக்கின்றன.

என் தெருமுனையில் ஒரு தூங்குமூஞ்சி மரமும் அதன் கீழ் இஸ்திரி வண்டியும் உண்டு. கரிப்பெட்டி, எட்டு மணி நேரம் நின்றபடி வேலை, கணப்பு கைக்கடியிலேயே. காலையில் வண்டி மரத்துக்கு மேற்கே நிற்கும். பதினொரு மணிக்குமேல் சக்கரத்தின் கீழிருந்து செங்கல்லை எடுத்துவிட்டு, இரண்டடி இரண்டடியாகத் தள்ளிக்கொண்டே வந்து, மூன்று மணிக்கு மரத்துக்குக் கிழக்கே நிறுத்துவார்கள். இடையில் மின்கம்பிக்காகக் கிளை கழிக்க ஆள் வந்தபோது, கம்பியைத் தொடாத கிழக்குக் கிளையையும் சேர்த்துத் தறித்துவிட்டுப் போனார்கள். அன்று முதல் மதியம் இரண்டிலிருந்து ஐந்துவரை வண்டிக்குத் தார்ப்பாய்தான். “பாய் சுடுது சார், இலை சுடாது” என்றார் இஸ்திரி போடும் அம்மா. முன் சொன்ன 2.2ஐயும் 2.3ஐயும் நான் அவரிடமிருந்துதான் கற்றேன். இயற்பியல் புத்தகம் பிறகுதான் கைக்கு வந்தது.

நிழல் எல்லாருக்கும் ஒரேபோல் விழவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அடையாற்றிலும் போட் கிளப் பக்கமும் காருக்குள் ஏசி போட்டுப் போகிறவர்களின் தலைக்குமேல் கிளைகள் கைகோக்கின்றன. வியாசர்பாடியிலும் தண்டையார்பேட்டையிலும் நடந்து போகிறவர்களின் தலைக்குமேல் கேபிள்தான். வடசென்னையில் மரம் வைக்க இடமில்லை என்று சொல்கிறார்கள், தெருக்கள் குறுகல் என்பது உண்மையும்கூட. ஆனால் பள்ளி மைதானம், ரயில்வே ஓரம், கால்வாய்க் கரை, குடிநீர்த் தொட்டி வளாகம் எல்லாம் அங்கேயும் இருக்கின்றன. கோட்டூர்புரத்தில் குப்பை கொட்டிய இடத்தை ‘நிழல்’ அமைப்பினர் மரப்பூங்காவாக மாற்றிக் காட்டியதும் இப்படியொரு மிச்சநிலத்தில்தான்.

7. வர்தாவும் வேரும்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னை அருகே கரை கடந்தது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வீச்சில் ஒரே பகலில் பல்லாயிரம் மரங்கள் விழுந்தன. மறுநாள் காலையில் தெருவுக்குத் தெரு வானம் அதிகமாகத் தெரிந்தது. அதைப் பார்த்தவர்கள் இன்னும் மறக்கவில்லை.

‘அயல் மரங்கள் விழுந்தன, நாட்டு மரங்கள் நின்றன’ என்பது அப்போது பரவிய விளக்கம். இதில் உண்மை இருக்கிறது. இயல்வாகையும் குல்மோகரும் தூங்குமூஞ்சியும் நிறைய விழுந்தன. வேகமாக வளரும் மெத்தென்ற கட்டை, விரிந்த கனத்த தலை, ஆழமில்லா வேர் என மூன்றும் அவற்றுக்கு எதிராக இருந்தன. ஆனால் வேம்பும் விழுந்தது, புங்கனும் விழுந்தது. விழுந்த மரங்களின் அடியைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்று தெரிந்தது: பல மரங்களுக்குத் தெருப்பக்கம் வேரே இல்லை. சமையல் பாத்திரத்தைக் கவிழ்த்ததுபோல வட்டமாக, சிறிதாக, ஒரு பக்கம் மழித்த வேர்க்கட்டி.

வேர் கிளைக்கு எதிர்நிழலாக ஆழத்தில் இறங்கியிருக்கும் என்று நாம் கற்பனை செய்கிறோம். பெரும்பாலான வேர்கள் மேல்மட்டத்து இரண்டு மூன்றடி மண்ணுக்குள்ளேயே படர்கின்றன, ஏனென்றால் அவற்றுக்குக் காற்றும் வேண்டும். அதே இரண்டு மூன்றடிக்குள்தான் குடிநீர்க் குழாய், மின்கேபிள், இணையக் கேபிள், மழைநீர் வடிகால் எல்லாம் போகின்றன. ஒவ்வொரு முறை ஜேசிபி தோண்டும்போதும் மரம் ஒரு பக்கத்து நங்கூரத்தை இழக்கிறது. மேலே இலை பசுமையாகவே இருப்பதால் யாருக்கும் தெரியாது. அடுத்த புயலில் தெரியும். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கான்கிரீட்டை அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லிக்கு 2013இல் ஆணையிட்டது. நம் நடைபாதைகளில் ஒரு மீட்டர் விட்ட குழியைத் தேடிப் பாருங்கள்.

அடையாறு பிரம்மஞான சபை ஆலமரத்தின் தாய்த்தண்டு 1989இல் புயலில் சாய்ந்தது. விழுதுகள் தரையில் ஊன்றியிருந்ததால் மரம் பிழைத்துக்கொண்டது. அதற்கு ஊன்ற மண் இருந்தது. தெருவோர ஆலுக்கு விழுது இறங்கியதும் நடைபாதைக்கு இடையூறு என்று அறுத்துவிடுகிறோம்.

8. எந்த மரம்

வறண்ட பசுமைமாறாக் காடு இந்தக் கரையோரத்தின் சொந்தக் காடு. கிண்டியில் இன்றும் அதைக் காணலாம். ஆனால் அதன் இனங்கள் பலவும் குட்டை, முள், மெதுவான வளர்ச்சி. தெருவுக்கு எல்லாம் ஒத்துவராது. வேம்பு, புங்கன், பூவரசு, மகிழம், புன்னை, நாவல், இலுப்பை, இடம் இருந்தால் நீர்மருது என்று பட்டியல் தாராளமாகவே நீளும். கடற்கரை உப்புக்காற்றுக்குப் புன்னையும் பூவரசும். குறுந்தெருவுக்கு மகிழம். அத்தி, அரசு, இச்சி போன்றவை நடைபாதைக்கு ஆகாதவை, ஆனால் பூங்காவிலும் குளக்கரையிலும் அவற்றுக்கு ஈடில்லை. அவை காய்க்கும் வாரங்களில் குக்குறுவானும் குயிலும் பழந்தின்னி வௌவாலும் ஊர்விட்டு ஊர் வருவதுபோல் வந்து சேரும். அயல் மரம் என்றாலே விரட்டும் மனப்போக்கில் எனக்கு உடன்பாடில்லை. போதிய மண் இருக்கும் அகலச் சாலையில் தூங்குமூஞ்சி தரும் நிழலை வேறெந்த மரமும் அத்தனை சீக்கிரம் தராது.

உடன்பாடில்லாத இன்னொன்று, எல்லாத் தெருவிலும் ஒரே மரம். அமெரிக்கர்கள் ஆஷ் மரத்தை வரிசையாக நட்டதால்தான் வண்டுக்கு விருந்தானது. ஓரினம் 10 விழுக்காடு, ஒரு பேரினம் 20, ஒரு குடும்பம் 30 என்ற உச்சவரம்பை ஃபிராங்க் சாண்டமூர் 1990இல் முன்வைத்தார். நம் பக்கத்துப் பாடம் கோனோகார்ப்பஸ். வேகமாக வளர்கிறது, மாடு கடிக்காது என்று சாலை நடுத்திட்டெல்லாம் நட்டார்கள். குஜராத் 2023இலும் தமிழ்நாடு 2025இலும் அதைத் தடை செய்தன.

ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கியின் முறையில் அமைக்கும் அடர்வனங்களுக்கும் இப்போது நல்ல மவுசு. கோட்டூர்புரத்தில் மாநகராட்சி ஒன்றை அமைத்தது. பறவைக்கும் பூச்சிக்கும் நல்லது, குப்பைமேடும் மறைகிறது. ஆனால் வேலிக்குள் நெருங்கி நிற்கும் ஆயிரம் கன்றுகளின் கீழ் யாரும் நடக்க முடியாது. எண்ணிக்கையில் அது ஆயிரம். நடப்பவர் கணக்கில் பூஜ்யம்.

9. ‘ஒன்றுக்குப் பத்து’ என்ற கணக்கு

சாலை விரிவாக்கம், மேம்பாலம், மெட்ரோ என எதற்காக வெட்டினாலும் ‘ஒன்றுக்குப் பத்து நடுவோம்’ என்பது ஆயத்தமான பதில். இதைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும்.

வெட்டும் மரத்தின் தலைவிரிவு விட்டம் பத்து மீட்டர், நடும் கன்றினது ஒரு மீட்டர் என்று கொள்வோம்; கன்றுக்கு இது சலுகை. விட்டம் பத்து மடங்கு என்றால் பரப்பு நூறு மடங்கு. ஆகவே பத்துக் கன்றும் பழுதில்லாமல் தழைத்தாலும் இழந்த நிழலில் பத்தில் ஒரு பங்குதான் திரும்புகிறது. பத்தும் சேர்ந்து ஒன்றுக்கு ஈடாக, ஒவ்வொன்றும் மூன்று மீட்டருக்குமேல் விரிய வேண்டும். புங்கனோ வேம்போ அந்த அகலம் விரிய, மண்ணும் நீரும் சரியாக அமைந்தாலே, சில ஆண்டுகள் ஆகும். பாதி செத்தால் கணக்கு இன்னும் தள்ளிப்போகும். பரப்பைத்தான் சொன்னேன். அடுக்கடுக்கான இலைகளைக் கணக்கில் எடுத்தால் இடைவெளி மேலும் பெருகும். இத்தனைக்கும் மேலே, பத்துக் கன்றும் நடப்படுவது அதே தெருவிலா? பெரும்பாலும் நகர எல்லையில், எங்கே காலியிடம் கிடைக்கிறதோ அங்கே. கோயம்பேட்டில் வெயிலில் நிற்பவருக்கு வண்டலூருக்கு அப்பால் உள்ள கன்றால் ஆவது ஒன்றுமில்லை.

செசில் கோனெனென்டைக் என்ற நகரவன ஆய்வாளர் 2021இல் சொன்ன 3-30-300 விதி இவ்விடத்தில் கைகொடுக்கிறது: ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மூன்று மரமாவது தெரிய வேண்டும், ஒவ்வொரு பகுதியிலும் 30 விழுக்காடு மரநிழல், 300 மீட்டருக்குள் ஒரு பசுமைவெளி. இதில் கன்று எண்ணிக்கைக்கே இடமில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. 2022இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கமும் காடு, மரப்பரப்பை 33 விழுக்காடாக்குவது என்று பரப்பைத்தான் இலக்காகச் சொல்கிறது. வார்டு அளவுக்கு இறங்கும்போது மட்டும் அது எப்படியோ கன்றுக் கணக்காகிவிடுகிறது.

சட்டத்திலும் ஒரு விசித்திரம் உண்டு. மகாராட்டிரம் 1975இலும் கருநாடகம் 1976இலும் டெல்லி 1994இலும் மரப் பாதுகாப்புச் சட்டம் செய்தன. மலைப்பகுதி மரங்களுக்கு 1955இலேயே சட்டம் செய்த தமிழ்நாடு, சமவெளி நகர மரங்களை அவ்வாறு தனிச் சட்டத்துக்குள் கொண்டுவரவில்லை. 2021இல் அமைக்கப்பட்ட மாவட்டப் பசுமைக் குழுக்கள் பொது நிலத்து மரங்களை வெட்டும் கோரிக்கைகளைப் பார்க்கின்றன. வெட்டுவதைத்தான் பார்க்கின்றன. வேரை அறுப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

10. பருவம்

கடைசியாக நாள்காட்டி. நாட்டில் மரநடு விழாக்கள் இரண்டு நாளைச் சுற்றியே நடக்கின்றன. ஒன்று ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள். மற்றது 1950இல் கே.எம்.முன்ஷி தொடங்கிய வன மகோற்சவம், ஜூலை முதல் வாரம். தென்மேற்குப் பருவமழை முழங்கும் வடநாட்டுக்கும் மேற்குக் கரைக்கும் அவை பொருத்தமான நாள்கள். சென்னைக்கு மழையின் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வருகிறது. ஜூன் 5 என்பது இங்கே கத்திரி முடிந்து ஒரு வாரம். அன்று நட்ட கன்று, வேர் பிடிப்பதற்கு முன்பே நான்கு மாதம் லாரித் தண்ணீரை எதிர்பார்த்து நிற்க வேண்டும். படம் எடுத்தவர்கள் போனபின் லாரி வருவதில்லை. ஆகஸ்டில் மரக்கூண்டு மட்டும் நிற்கும், உள்ளே டீ கப்.

செப்டம்பர் கடைசியில் நட்டால் முதல் மூன்று மாத நீரை வானமே பார்த்துக்கொள்ளும். பிறகு மூன்று கோடை. முதல் கோடையில் வாரம் இருமுறை, அடுத்ததில் வாரம் ஒருமுறை, மூன்றாவதில் வாடும்போது மட்டும். இந்தச் செலவு கன்றின் விலையைப்போலப் பல மடங்கு. எனவே நடும் வேலைக்கான எஸ்டிமேட்டில் கன்றின் பெயருக்குப் பக்கத்திலேயே குழியின் நீள அகலம், மூன்று கோடைத் தண்ணீர், யார் ஊற்றுவது ஆகிய மூன்றும் எழுதப்பட வேண்டும். செப்டம்பரில் கன்று இறங்க வேண்டுமானால் அந்த எஸ்டிமேட் ஏப்ரலில் மேசைக்குப் போயிருக்க வேண்டும், நடைபாதைக்குப் பேவர் பிளாக் ஆர்டர் கொடுப்பதற்கு முன்பாக.